ஓட்டுக் கூரையின் மரச்சட்டம்: உறுப்புகளும் பழுதுநீக்கலும்

மங்களூர் ஓடு வேய்ந்த கூரையின் பாரம் சுவருக்கு வந்து சேருமுன் ஐந்தாறு மர உறுப்புகளைக் கடக்கிறது. ஓடு ரீப்பரில் கொளுவி நிற்கிறது. ரீப்பர் கைமரத்தின் மேல் கிடக்கிறது. கைமரத்தின் தலை மோட்டுவளையிலும் கால் சுவர்வளையிலும் படிகிறது. மோட்டுவளையைக் குத்துக்காலும், குத்துக்காலை விட்டமும் தாங்குகின்றன. விட்டம் சுவரிலோ தூண்மேல் கிடக்கும் உத்திரத்திலோ உட்காருகிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்திருப்பவர் கூரை வேலையில் பெரிய தவறு செய்வதில்லை. பிரிப்பது மேலிருந்து கீழாக இதே வரிசையில். கட்டுவது கீழிருந்து மேலாக. பெயர்களைத் தெரிந்துகொள்வதும் வேலையின் ஒரு பகுதிதான். மேலே நிற்பவர் "வளையைப் பிடி" என்று குரல் கொடுக்கும்போது கீழே நிற்பவர் கைமரத்தைப் பிடித்தால் ஆபத்து வருவது அங்கேதான்.

இந்த அத்தியாயம் இருபக்கச் சரிவுள்ள சிறிய ஓட்டு வீட்டைக் கருத்தில் கொண்டது. ஓடு மாற்றுதல், ரீப்பர் மாற்றுதல், ஒன்றிரண்டு கைமரங்களை மாற்றுதல் ஆகியவை வீட்டுக்காரர் ஓரிரு துணையாட்களோடு செய்யக்கூடியவை. மோட்டுவளை, விட்டம், உத்திரம் ஆகிய மூன்றில் எது பழுதானாலும் அனுபவமுள்ள ஆசாரியை அழைப்பதே சரி.

## உறுப்புகள், கீழிருந்து மேலாக

தூணும் போதிகையும். திண்ணையிலும் முற்றத்தைச் சுற்றியும் மரத்தூண் நிற்கும் வீடுகளில், தூணின் தலைமேல் இருபுறமும் நீண்ட ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். அதுவே போதிகை. அது உத்திரத்துக்கு அகலமான இருக்கை தருகிறது. தூணுக்குத் தூண் உள்ள வெற்றிடத்தையும் குறைக்கிறது. தூணின் அடி கல்லின்மேல் நிற்க வேண்டும், மரம் தரையைத் தொடக் கூடாது. பல வீடுகளில் பின்னாளில் டைல்ஸ் பதித்துத் தரையை உயர்த்தும்போது அந்தக் கல் மூடப்பட்டு, தூணின் அடி சிமெண்டுக்குள் புதைந்துபோகிறது. தலைமுறைகளாக உளுக்காத தூண் அதன்பிறகு சில ஆண்டுகளிலேயே அடியில் மக்கத் தொடங்கும்.

உத்திரமும் விட்டமும். இரண்டும் கிடைமட்ட மரங்கள். பேச்சில் ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்வதும் உண்டு. இங்கே தூண்களின்மேல் நீளவாக்கில் ஓடும் கனத்த மரம் உத்திரம் என்றும், வீட்டின் அகலத்தைக் கடந்து சுவருக்குச் சுவர் கிடப்பது விட்டம் என்றும் கொள்ளப்படுகிறது. இவ்வகைக் கிடைமட்ட மரத்துக்கு யாழ்ப்பாணத்தில் தீராந்தி என்ற பெயர் வழங்குகிறது. விட்டத்துக்கு இரண்டு வேலைகள். குத்துக்காலைச் சுமப்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது வேலை தெரியாது: சரிந்து நிற்கும் கைமரங்கள் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன, அந்தத் தள்ளலை விட்டம் இழுத்துப் பிடிக்கிறது. தலையில் இடிக்கிறது என்றோ பரண் போட இடைஞ்சல் என்றோ விட்டத்தை அறுத்த வீடுகளில், சுவரின் மேல்பகுதியில் நீளவாக்கில் வெடிப்பு கண்டிருப்பதைப் பார்க்கலாம்.

குத்துக்கால். விட்டத்தின் நடுவில் செங்குத்தாக நிற்கும் குட்டைக் கால். இதன் அடியில் வெட்டிய கழுந்து விட்டத்தில் குடைந்த துளைக்குள் இறங்கியிருக்கும். குறுக்கே மரமுளை அடித்திருப்பார்கள்.

மோட்டுவளை. கூரையின் உச்சியில் நீளவாக்கில் ஓடும் மரம். முகட்டுவளை என்றும் சொல்வதுண்டு. ஒரே மரம் கிடைக்காமல் இரண்டை ஒட்டியிருந்தால், ஒட்டு ஒரு குத்துக்காலின் நேர்மேலே வர வேண்டும். ஒட்டு அந்தரத்தில் இருக்கும் கூரையில் உச்சி அங்கேதான் தொய்ந்திருக்கும். தெருவில் நின்று பார்த்தாலே தெரியும்.

சுவர்வளை. சுவரின் தலைமேல் நீளவாக்கில் கிடப்பது. மேஸ்திரிகள் வால்பிளேட் என்பார்கள். கைமரங்களின் பாரம் ஓரிடத்தில் குத்தாமல் சுவர் முழுதும் பரவுவது இதனால்தான்.

இடைவளை. கைமரம் 8 அடிக்கு மேல் நீண்டால், மோட்டுவளைக்கும் சுவர்வளைக்கும் நடுவே இன்னொரு வளை தேவைப்படும்.

கைமரம். உச்சியிலிருந்து சரிவாக இறங்கும் மரங்கள். ஒன்றரை அடிக்கும் 2 அடிக்கும் இடைப்பட்ட இடைவெளியில் இருக்கும். நாலுபக்கச் சரிவுள்ள வீட்டில் மூலையை நோக்கி இறங்குவது மூலைக்கை. மற்றக் கைகளைவிட அது கனமாக இருக்க வேண்டும், ஏனெனில் இருபக்கக் குட்டைக் கைகளும் அதன்மேல்தான் சாய்கின்றன. பழைய வீடுகளில் பெரும்பாலும் பனங்கை. வசதியுள்ள வீடுகளில் தேக்கு. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவிலிருந்து வந்த தேக்கைக் காணலாம்.

ரீப்பர். கைமரங்களுக்குக் குறுக்கே அடிக்கும் சட்டம். 2 அங்குல அகலமும் 1 அங்குல கனமும் வழக்கம். நாட்டு ஓட்டுக் கூரையில் இந்த இடத்தில் மூங்கிலோ பனஞ்சட்டமோ நெருக்கமாக அடித்த வரிச்சு இருக்கும்.

இறவாரம். சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் கூரை விளிம்பு. கைமர நுனிகளை மறைத்து அடிக்கும் பலகை முகப்புப் பலகை. மழையும் வெயிலும் நேரே படுவதால் முதலில் பழுதாவது இந்தப் பகுதி.

கூடல்வாய். இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சேரும் பள்ளம். முற்றமுள்ள வீடுகளில் நாலு மூலையிலும் உண்டு. ஒழுக்கு என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இங்கே. ஓட்டுக்கு அடியில் போட்ட தகரம் துருப்பிடித்துத் துளைவிட்டிருக்கும், அல்லது சருகு அடைத்து நீர் எதிர்த்து ஏறியிருக்கும்.

## ஏறுவதற்கு முன் சோதனை

சோதனைக்கு ஒரு சுத்தியலும் ஒரு நீண்ட திருப்புளியும் போதும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே உளுத்த மரம் பொத்தென்று ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியை அழுத்தினால், வைரம் பாய்ந்த மரத்தில் நுனி இறங்காது. கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது என்று பொருள்.

பார்க்கும் இடங்களுக்கும் முறை உண்டு. முதலில், சுவருக்குள் புதைந்த விட்ட நுனிகள். சுவரின் ஈரம் மரத்தில் ஏறுவதும் காற்றில்லாமல் அது தங்குவதும் அங்கேதான். அடுத்து சுவர்வளை, கைமரத்தின் கால்பகுதி, கூடல்வாயை ஒட்டிய கைகள். சுவரில் மண்கோடு போட்டதுபோல் கரையான் பாதை ஏறியிருந்தால் அது முடியும் இடம்வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். நடுக்கூரையில் இருக்கும் மரங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அடுப்புப் புகை படிந்த சமையல்கட்டுக் கூரையில் பூச்சி அரிப்பு இன்னும் குறைவு.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்தி ஆசாரியையோ கட்டடப் பொறியாளரையோ அழைக்க வேண்டும்: விட்டத்தில் குறுக்காக ஓடும் வெடிப்பு, மோட்டுவளையில் கண்ணுக்குத் தெரியும் தொய்வு, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும் சுவர், ஒரு பக்கம் சாய்ந்த குத்துக்கால்.

## பாதுகாப்பு

கூரையிலிருந்து விழுவது முதல் ஆபத்து; மின்சாரம் இரண்டாவது. மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரில் அப்போதும் மின்சாரம் இருக்கும். அது கூரையை ஒட்டிச் சென்றால் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே ஏற வேண்டும்.

ஏணியின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தூரம் அதன் அடி சுவரைவிட்டு விலகியிருக்க வேண்டும். தலை இறவாரத்துக்கு மேல் 3 அடி நீண்டிருக்க வேண்டும். தலையைக் கட்டவும் வேண்டும். ஓட்டின்மேல் நேரே மிதிக்கக் கூடாது. உச்சியில் கொக்கி மாட்டிய பலகை ஏணி ஒன்றைச் சரிவில் கிடத்தி அதன்மேல் நடப்பது நல்லது. அது இல்லையென்றால் ஓட்டுக்குக் கீழே கைமரம் ஓடும் கோட்டில் மட்டும் பாதம் படலாம். இடுப்பில் பாதுகாப்புப் பட்டையும், நல்ல நிலையில் உள்ள வளையிலோ எதிர்ச்சரிவுக்கு அப்பால் ஒரு மரத்திலோ கட்டிய கயிறும் கட்டாயம். பாசி படிந்த ஓடு காலைப் பனியிலேயே வழுக்கும் என்பதால், வெயில் ஏறிய பிறகு தொடங்க வேண்டும். பலத்த காற்றில் வேலையே வேண்டாம்.

பழைய ஓட்டுக்கு அடியில் தேள், பூரான், குளவிக்கூடு எல்லாம் இருக்கும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். கையுறை, மூடிய காலணி, தூசுக்கு முகக்கவசம் ஆகியவை இல்லாமல் ஓட்டைத் தூக்கக் கூடாது. வேலை நடக்கும் அறையில் யாரும் இருக்கக் கூடாது. இரவில் படுக்கவும் கூடாது.

## ஓடு பிரித்தல்

ஓர் ஓடு 2 முதல் 3 கிலோ இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடு தேவை. 10 அடிக்கு 12 அடியுள்ள ஒரு சரிவில் மட்டும் 165 ஓடு, 400 கிலோ அளவில் பாரம். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். ஆகவே எங்கிருந்து எவ்வளவு பாரத்தை எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

1. உச்சியில் இருக்கும் முகட்டோடுகளை முதலில் எடுக்க வேண்டும். அவை சுண்ணாம்பிலோ சிமெண்டிலோ பதிந்திருக்கும். உளியால் காரையை மெல்லத் தட்டி விடுவித்தால் பாதிக்கு மேல் உடையாமல் வரும்.
2. மேல் வரிசை ஓடு கீழ் வரிசையின் தலையை மூடியிருப்பதால், மேலிருந்து கீழாகவே எடுக்க முடியும். கீழே இழுத்து உருவ முயன்றால் அடியிலுள்ள கொம்பு உடையும்.
3. முழுக்கூரையையும் பிரிப்பதானால் இருபக்கமும் மாறிமாறி, இரண்டு மூன்று வரிசைகளாக எடுக்க வேண்டும். ஒரு சரிவை முழுதும் வெறுமையாக்கி மறுசரிவைப் பாரத்தோடு விட்டால், மோட்டுவளை பாரமில்லாத பக்கம் தள்ளப்படும். குத்துக்காலின் கழுந்து பிளக்கும்.
4. எடுத்த ஓட்டைக் கூரைமேலேயே அடுக்கக் கூடாது. கைமாற்றிக் கீழே இறக்கி, படுக்க வைக்காமல் நிற்கவைத்து அடுக்க வேண்டும்.
5. அன்றைக்கு மூடக்கூடிய அளவே அன்றைக்குப் பிரிக்க வேண்டும். தார்ப்பாய் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

*குறிப்பு:* பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியபின் பல ஊர்களில் பல தொழிற்சாலைகள் தோன்றின. அளவிலும் பள்ளத்தின் அமைப்பிலும் அவற்றின் ஓடுகளுக்குள் சிறு வேறுபாடுகள் உண்டு. உடைந்ததற்குப் பதில் வாங்கும்போது பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்க வேண்டும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் விற்கும் ஓடுகளில் பொருந்துவது கிடைக்க வாய்ப்பு அதிகம். புது ஓடுகளையெல்லாம் ஒரு சரிவில் சேர்த்து வேய்ந்து, அங்கிருந்து எடுத்த பழையதை மறுசரிவுக்குப் பயன்படுத்தினால் சேராத பிரச்சினை எழாது.

## ஒரு கைமரத்தை மாற்றுதல்

மரம் முன்கூட்டியே வாங்கி, நிழலில் காயவைத்ததாக இருக்க வேண்டும். ஈரமரம் கூரையில் காயும்போது முறுக்கிக்கொள்ளும். வெளிறு அதிகமுள்ள மரத்தைத் தவிர்க்க வேண்டும், பூச்சி முதலில் பிடிப்பது அதைத்தான். பனங்கை வேண்டுமென்றால் முற்றிய மரத்தின் கறுத்த வைரப் பகுதியை மட்டும் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்பதால், இடித்த வீட்டுப் பனங்கைகளைத் தேடுவதே எளிது. அவை பெரும்பாலும் புதியதைவிட நன்றாகவும் இருக்கும்.

1. மாற்ற வேண்டிய கையின் இருபக்கமும் இரண்டு கைமர இடைவெளி அளவுக்கு ஓடு, ரீப்பர் இரண்டையும் நீக்க வேண்டும்.
2. அடுத்தடுத்த கைகளுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். சவுக்குக் கம்பின் அடியில் அகலமான பலகையும், இடையில் எதிரெதிராகச் செருகிய இரண்டு ஆப்புகளும் வேண்டும். ஆப்பை இறுக்குவது தாங்கிப் பிடிக்கும் அளவுக்கே. கூரையைத் தூக்கும் அளவுக்கு இறுக்கினால் வேறு இணைப்புகள் விடும்.
3. பழைய கையின் ஆணிகளை உருவி, கால்பக்கத்தை முதலில் விடுவித்து, பிறகு தலையை விடுவித்து, இருவராகப் பிடித்து இறக்க வேண்டும்.
4. பழைய கையைப் புது மரத்தின்மேல் வைத்து நீளம், தலைச்சரிவு, கால்பக்கத்தில் வெட்டிய வாய் மூன்றையும் பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும். பழையது மக்கியிருந்தால் பக்கத்துக் கையிலிருந்து அட்டையில் அச்சு எடுக்கலாம்.
5. சுவர்வளையின்மேல் உட்கார வெட்டும் வாய், கைமரத்தின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கை முறிவதற்கு அடிக்கடி காரணமாவது ஆழமாக வெட்டிய வாய்தான்.
6. வெட்டிய முகங்களுக்கும் நுனிகளுக்கும் மரக்காப்பு மருந்து பூச வேண்டும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் மழைபடாத உட்பகுதிக்கு ஏற்றது. நீர் பட்டால் கரைந்துவிடும் என்பதால் இறவார நுனிக்கு அது பயன்படாது. எந்த மருந்தானாலும் பொட்டலத்தில் உள்ள அளவும் எச்சரிக்கையும் மீறப்படக் கூடாது.
7. புதுக் கையைத் தலைப்பக்கம் முதலில் மோட்டுவளையில் பொருத்தி, கால்பக்கத்தைச் சுவர்வளையில் உட்கார்த்த வேண்டும். பனையில் நேரே ஆணி அடித்தால் பிளக்கும். துளையிட்ட பிறகே அடிக்க வேண்டும்.
8. பக்கத்துக் கைகளின் மேல்முகத்தோடு நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். தாழ்ந்தால் வாயின் அடியில் மெல்லிய மரத்துண்டு. உயர்ந்தால் சற்றே இழைப்பு.

கையின் நடுப்பகுதி நன்றாக இருந்து கால் மட்டும் மக்கியிருந்தால் முழுதும் மாற்றத் தேவையில்லை. மக்கிய பகுதியை வெட்டிவிட்டு, அதே கனமுள்ள புது மரத்தைப் பக்கத்தில் சேர்த்து, நல்ல மரத்தோடு குறைந்தது 2 அடி ஒட்டிப் படியும்படி போல்ட்டு போட்டு முறுக்கலாம். இந்த இடத்தில் ஆணி போதாது.

கடலோர மாவட்டங்களில் இன்னொரு வேலையும் உண்டு. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. புயல்காற்று இறவாரத்துக்கு அடியில் புகுந்து கூரையை மேல்நோக்கித் தூக்குகிறது. கூரையின் பாரத்தை மட்டும் எண்ணிக் கட்டிய வீட்டில் இதைத் தடுக்க எதுவும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு கையின் காலையும் இரும்புப் பட்டையால் சுவர்வளையோடும், சுவர்வளையைச் சுவரில் ஆழப் பதித்த போல்ட்டுகளோடும் பிணைக்க வேண்டும். மங்களூர் ஓட்டின் அடியில் கம்பி கோக்கும் துளை உண்டு. குறைந்தது இறவாரத்தை ஒட்டிய வரிசைகளையும் ஓரங்களையும் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்ட வேண்டும்.

## ரீப்பர் இடைவெளி

ஓட்டுக் கூரை ஒழுகுவதற்கு மிகுதியும் காரணமாக இருப்பது தவறான ரீப்பர் இடைவெளி. ஓர் அளவை எங்கிருந்தோ கேட்டு வந்து அடிப்பதைவிட, கையிலுள்ள ஓட்டையே அளந்து கொள்வது நம்பகமானது.

1. 12 ஓடுகளைத் தரையில் கவிழ்த்து, ஒன்றோடொன்று கொளுவிய நிலையில் நீளவாக்கில் வரிசையாக வைக்க வேண்டும்.
2. முடிந்தவரை இழுத்துவிட்டு, முதல் ஓட்டின் கொம்பிலிருந்து 11ஆம் ஓட்டின் கொம்புவரை அளக்க வேண்டும்.
3. முடிந்தவரை நெருக்கித் தள்ளி, அதையே மீண்டும் அளக்க வேண்டும்.
4. இரண்டையும் கூட்டி 20ஆல் வகுத்தால் கிடைப்பது ரீப்பர் இடைவெளி. பெரும்பாலும் 12½ அங்குலத்தை ஒட்டி வரும்.

அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டை வெட்டிக்கொண்டு, அதையே அளவுகோலாக வைத்து இறவாரத்திலிருந்து மேல்நோக்கி அடிக்க வேண்டும். ஐந்து வரிசைக்கு ஒருமுறை நாடாவால் மொத்த நீளத்தைச் சரிபார்க்காவிட்டால் சிறு பிசகு சேர்ந்துகொண்டே போகும். இறவாரத்தின் முதல் ரீப்பர் மற்றவற்றைவிட ஓர் ஓட்டுக் கனம் உயர்ந்திருக்க வேண்டும். முதல் வரிசை ஓட்டுக்கு அடியில் தாங்க வேறு ஓடு இல்லை என்பதால், ரீப்பரை உயர்த்தாவிட்டால் அந்த வரிசை முன்புறம் தொங்கிவிடும். ரீப்பரின் ஒட்டு கைமரத்தின்மேல்தான் வர வேண்டும். அடுத்தடுத்த ரீப்பர்களின் ஒட்டுகள் ஒரே கைமரத்தில் சேரக் கூடாது.

அடிக்கத் தொடங்குமுன் சரிவின் இரு மூலைவிட்டங்களையும் அளப்பது அவசியம். அவை சமமாக இல்லையென்றால் கூரை கோணலாக இருக்கிறது என்று பொருள். பழைய வீடுகளில் அது இயல்புதான். அப்போது இறவாரக் கோட்டுக்கு நூல் பிடித்து அதற்கு இணையாக ரீப்பர் அடித்து, கோணலை ஓரத்து ஓடுகளை வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

## வேய்தலும் முடித்தலும்

வேய்வது இறவாரத்திலிருந்து உச்சிக்கு. ஒவ்வொரு ஓட்டின் கொம்பும் ரீப்பரில் கொளுவியதா, பக்கத்துப் பள்ளம் பொருந்தியதா என்று கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். இருபக்கச் சரிவிலும் சம அளவில் ஏற்றிக்கொண்டு போவது, பிரித்தபோது சொன்ன அதே காரணத்துக்காக. வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு வைப்பதானால் கைமரத்துக்கு மேல் வராத இடமாகப் பார்த்து இப்போதே வைத்துக்கொள்ள வேண்டும்.

கூடல்வாய்த் தகரம் நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் ஓர் அடியாவது ஓட்டுக்கு அடியில் போக வேண்டும். நடுவில் ஆணி அடிக்கக் கூடாது. முகட்டோட்டைப் பதிக்கும் காரை ஓட்டின் விளிம்புகளில் மட்டும் இருந்தால் போதும். உள்ளே நிறைத்து அடைத்தால் மோட்டுவளைமேல் வீண்பாரம் ஏறும். காரை உறிஞ்சிய ஈரமும் மரத்துக்கு இறங்கும். விட்ட நுனிகளைச் சுற்றிச் சுவரில் உடைத்த இடங்களைப் பூசும்போது, மரத்தைச் சுற்றி விரல் நுழையும் அளவு காற்று இடைவெளி விட வேண்டும்.

முட்டுகளை ஒரேயடியாக எடுக்கக் கூடாது. ஆப்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பாரம் புதுக் கைக்கு மாறியதை உறுதிசெய்து, மறுநாள் எடுக்கலாம். பகலில் அறையின் கதவு சன்னல்களை அடைத்துவிட்டு மேலே பார்த்தால், ஓடு சரியாகப் பொருந்தாத இடங்களில் வெயில் கீற்றாகத் தெரியும். அவற்றைத் திருத்திய பிறகு, முதல் பெருமழையின்போது கூடல்வாய், மாற்றிய கைமரத்தின் கால், முகட்டோட்டு ஒட்டுகள் ஆகிய மூன்று இடங்களையும் உள்ளிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரம் தெரியும் இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து வைத்து, ஓடு காய்ந்ததும் அந்த வரிசையை மட்டும் மேலிருந்து திறந்து சரிசெய்ய வேண்டும்.